நிலாவரையும் ஒன்றுக்கு நாற்பதும்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரியில் மட்டும் நீர் கொள்ளும் வழுக்கியாறு, கோடை வந்ததும் வெறுந்தரையாகிவிடுகின்றது. முகிலைத் தடுத்து நிறுத்தும் மலையும் இங்கே இல்லை. எனினும் செம்மண் தோட்டங்களிலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செழித்து வளர்கின்றன. ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கி நிற்கின்றன. இத்தனை வாழ்வையும் தாங்கி நிற்பது நிலத்தின் கீழுள்ள நீர். அதனை மனிதர் கைக்குக் கொணர்வன கிணறுகள்.

அக்கிணறுகளுள் பெரும்புகழ் பெற்றது, புத்தூரை அடுத்த நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு. இராமபிரான் தம் வானர சேனையின் தாகந் தீர்க்க அம்பெய்து தோற்றுவித்த நீர்நிலை அது என்பது கர்ணபரம்பரைக் கதை. அதனுள் இட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியிலே மிதந்து வரும் என்று சொல்லுவாரும் உளர். அதற்கு அடியில்லை, அஃது ஒருநாளும் வற்றாது என்பன ஊரவர் பேச்சிலே ஊறிய உரைகள். மேலே அள்ளிய நீர் நன்னீராக இருக்க, ஆழத்திலிருந்து எடுத்த நீர் உவர்க்கின்றது என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தியே.

இக்கிணற்றைக் காண்போர் உள்ளத்திலே மூன்று கேள்விகள் எழுதல் இயல்பு. இது வற்றாமைக்குக் காரணம் யாது? ஒரே கிணற்றில் மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் நிற்பது எவ்வாறு? இந்நீரை எவ்வளவு இறைக்கலாம்? முதலிரண்டு கேள்விகளும் அறிவியலாளனுக்கு உரியவை. மூன்றாவது பொறியியலாளனுக்கும் கமக்காரனுக்கும் உரியது. ஏனெனில் அதற்குத் தவறான விடை கூறின், கேடுறுவது பயிரும் குடிநீருமே.

இன்று இத்தகைய கேள்விகளுக்கு விடை காண்பதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று எண்முறை வழி. நிலப்பரப்பைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நீர் வரவையும் நீர்ச் செலவையும் கணினியில் இட்டு, இயற்கையின் போக்கை அப்பொறிக்குள்ளே நடித்துக் காட்டச் செய்வது அது. மற்றையது பகுமுறை வழி. நிகழ்ச்சியின் உயிர்நிலையான காரணங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஏனையவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரு சமன்பாடாக எழுதித் தாளிலும் பென்சிலிலும் விடை காண்பது இது. கணினி மலிந்துவிட்ட இக்காலத்தில் இரண்டாவது வழி பழையது, கைவிடத்தக்கது என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை உரைத்துப் பார்ப்பதற்கு நிலாவரையை விடச் சிறந்த உரைகல் கிடைத்தல் அரிது.

முதலில், கண்ணாற் கண்டவற்றை நோக்கலாம். சேர் எமர்சன் டெனன்ற் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே புத்தூர்க் கிணற்றைக் குறிப்பிட்டு, அதன் நீர்மட்டம் கடலின் வற்றுப்பெருக்கைப் போலச் சில அங்குலம் ஏறி இறங்குவதை எழுதினார். அதற்கு முன்னரே, 1836 ஆம் ஆண்டிலே, இந்து சமுத்திரத்தின் கீலிங் தீவுகளில் இறங்கிய சாள்ஸ் டார்வின் இதையொத்த காட்சியைக் கண்டார். அங்கே பவளத் திட்டுகளில் தோண்டிய கிணறுகளின் நன்னீர், கடல் ஏறும்போது ஏறிக் கடல் இறங்கும்போது இறங்கியது. மழைநீர் கடல்நீரிலும் பாரம் குறைந்தது. ஆகவே மண்ணினுள்ளே அஃது உப்புநீரின் மீது மிதந்து கொண்டிருக்கின்றது என்று அவர் காரணங் கூறினார். அவர் தந்த விளக்கத்தில் எண் ஒன்றும் இல்லை; ஆயினும் அது முற்றிலும் சரியான விளக்கம்.

அவ்விளக்கத்துக்கு எண் கொடுத்தவர்கள் இருவர். ஒல்லாந்துப் படையின் பொறியியற் பிரிவைச் சேர்ந்த படோன் கீபன், அம்ஸ்ரடாம் நகரத்துக்கு அண்மையிற் கிணறு துளைப்பது குறித்து 1880களின் இறுதியில் எழுதிய குறிப்பிலே இதனை ஆராய்ந்தார். வடகடலின் தீவுகளுக்கு நீர் வழங்கும் பணியிலே ஈடுபட்ட ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியர் 1901 இல் அதே முடிவைத் தனியாகக் கண்டு வெளியிட்டார். இருவர் பெயராலும் வழங்கும் அவ்விதி மிக எளியது; பள்ளிச் சிறுவன் ஒருவனும் அதனைச் செய்து பார்க்கலாம்.

ஒரு கன மீற்றர் நன்னீரின் நிறை 1,000 கிலோகிராம். அதே அளவு கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1,025 கிலோகிராம். வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் ஒரு புயத்தில் நன்னீரும் மறு புயத்தில் கடல்நீரும் நிற்பதாக எண்ணுக. நன்னீர்த் தூண் 41 மீற்றர் உயரமாயின், அதன் பாரம் 41 ஐ 1,000 ஆற் பெருக்க வருவது, அதாவது 41,000. கடல்நீர்த் தூண் 40 மீற்றராயின், அதன் பாரம் 40 ஐ 1,025 ஆற் பெருக்க வருவது, அதுவும் 41,000. இரு தூண்களும் சமநிலையில் நிற்கும். கடல்நீரிலும் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்கும் நன்னீர், அதன் கீழே கடல் மட்டத்துக்குக் கீழ் 40 மீற்றர் வரையும் உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கின்றது என்பதே இதன் பொருள். ஒன்றுக்கு நாற்பது என்னும் விகிதம் இவ்வாறு பிறந்தது.

குடாநாட்டின் அடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வருவது. அதில் ஒரு பங்கு கல்லின் வெடிப்புகளின் ஊடாகக் கீழே இறங்கி, நாற்புறமும் சூழ்ந்து உட்புகுந்துள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல, நடுவிலே தடித்தும் ஓரத்திலே மெலிந்தும் மிதக்கின்றது. நிலாவரையின் இரு கேள்விகளுக்கும் இங்கே விடை உண்டு. மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் நிற்பது, அக்கிணறு வில்லையைத் துளைத்து அதன் அடி வரை இறங்கியிருப்பதால். அது வற்றாமை, கீழே கடல் தாங்கி நிற்பதால். இறைத்த நீருக்கு ஈடாக நன்னீர் வராவிடின் உப்புநீர் வந்து நிரப்பும். ஆகவே வற்றாக் கிணறு என்பது முடிவிலாச் செல்வம் என்று பொருள்படாது. கிணறு வற்றுமுன்னரே அதன் நன்மை வற்றிவிடக் கூடும்.

ஒன்றுக்கு நாற்பது என்னும் விதியின் கூர்மை இங்கேதான் வெளிப்படுகின்றது. இறைப்பினால் நிலத்தடி நீர்மட்டம் ஓரடி நிலையாகத் தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீரின் எல்லை இறுதியில் நாற்பதடி மேலெழும். மேலே பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவது ஓரடி. அடியிலே நிகழ்வது நாற்பதடி. வங்கியிலே தன் கணக்கில் ஒரு ரூபா குறைந்ததென எண்ணியிருப்பவனுக்கு, உண்மையில் நாற்பத்தொரு ரூபா குறைந்தது போன்றது இது. இதனை அறிவதற்குப் பெரும்பொறி எதுவும் வேண்டியதில்லை. இரு நீர்களின் பாரமும் ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும்.

அடுத்த படி சற்று உயர்ந்தது. நீர் வில்லையின் தடிப்பு எவ்வளவு என்று கேட்கலாம். பிரான்சு தேசத்தின் டிஜோன் நகருக்கு நீர் வழங்கிய ஹென்றி டார்சி, மணலின் ஊடாக நீர் செல்லும் வேகம் நீர்மட்டத்தின் சரிவுக்கு நேர்விகிதமானது என்று 1856 இல் வெளியிட்டார். அவர் நாட்டவரான டுப்புயி 1863 இல், நிலத்தடி நீர் பெரும்பாலும் கிடையாகவே செல்கின்றது என்று கொண்டால் கணக்கு மிகவும் எளிதாகும் எனக் காட்டினார். இவ்விருவர் கருத்தையும் ஒன்றுக்கு நாற்பதுடன் சேர்த்தால், இருபுறமும் கடல் சூழ்ந்த நீண்ட நிலத்தின் வில்லைக்கு ஒரு சூத்திரம் கிடைக்கின்றது. அதனைச் சொல்லிற் கூறின் இவ்வாறாகும்: மண்ணுள் இறங்கும் மழையைக் கல்லின் நீர் கடத்தும் திறனாலும் 41 ஆலும் வகுத்து, வருவதன் வர்க்கமூலத்தை நிலத்தின் பாதி அகலத்தாற் பெருக்குக, நடுவிலே நீர்மட்டம் கடலுக்கு மேல் நிற்கும் உயரம் கிடைக்கும். அதனை நாற்பதாற் பெருக்க, நன்னீரின் ஆழம் கிடைக்கும்.

கணக்கின் போக்கைக் காட்டுதற்காகச் சில எண்களைக் கற்பித்துக் கொள்ளலாம். பாதி அகலம் 5 கிலோமீற்றர். மண்ணுள் இறங்கும் மழை ஆண்டுக்கு 300 மில்லிமீற்றர். கல்லின் நீர் கடத்தும் திறன் நாளொன்றுக்கு 100 மீற்றர் எனக் கொள்க. நடுவிலே நீர்மட்டம் கடலுக்கு மேல் ஏறத்தாழ 2.2 மீற்றர் நிற்கும். நன்னீர் கடல் மட்டத்தின் கீழ் ஏறத்தாழ 90 மீற்றர் வரை செல்லும். கல்லிலே வெடிப்புகள் மிகுந்து, அதன் திறன் நான்கு மடங்காகி 400 மீற்றர் ஆயின், நீர்மட்டம் 1.1 மீற்றராகவும் நன்னீரின் ஆழம் 45 மீற்றராகவும் பாதியாகிவிடும். நீர் எளிதாக ஓடும் கல், நீரை எளிதாகக் கடலுக்கு இழந்துவிடும் கல்லுமாகும்.

இங்கே விடையாகிய எண்ணைவிடச் சூத்திரத்தின் வடிவமே பெரிதும் கற்பிக்கின்றது. உட்புகும் மழை பாதியாகக் குறைந்தால் வில்லை பாதியாகாது. வர்க்கமூலத்தின் காரணமாக அது பத்தில் ஏழு பங்காக நிற்கும். மழைக்குறைவை நிலம் ஓரளவு தாங்கும் என்பது இதனால் விளங்கும். ஆனால் நிலத்தின் அகலம் பாதியானால் வில்லையும் பாதியாகும். வலிகாமத்தின் அகன்ற நிலப்பரப்பிலே நன்னீர் ஆழ்ந்து நிற்க, ஒடுங்கிய மணற்றிடல்களிலும் சிறு தீவுகளிலும் கிணறுகள் கோடையில் விரைந்து உவர்த்துப் போவதன் காரணம் இதுவே. கணினி ஆயிரம் விடைகளைத் தரலாம். ஆனால் எதை மாற்றினால் எது எவ்வளவு மாறும் என்பதை ஒரே வரியிற் காட்டுவது சூத்திரம். திட்டம் வகுப்போனுக்கு இவ்வறிவே முதற் கருவி.

இனி, கிணறொன்றின் அருகே நிகழ்வதை நோக்கலாம். நீரை விரைந்து இறைக்கும்போது கிணற்றின் கீழே உள்ள உப்புநீர், எறும்புப் புற்றுப்போலக் கூம்பி மேலெழுகின்றது. இக்கூம்பு எவ்வளவு எழும் என்பதற்கும் பகுமுறையாற் கண்ட சூத்திரம் உண்டு. 1960களின் இறுதியில் இசுரேலின் கரையோரத்தில் இதனை ஆராய்ந்தோர், இறைக்கும் நீரின் அளவு கூடக் கூம்பு நேர்விகிதத்தில் உயரும் என்றும், கிணற்றின் அடிக்கும் உப்பெல்லைக்கும் இடையேயுள்ள தூரம் குறையக் கூம்பு அதே விகிதத்தில் ஓங்கும் என்றும் காட்டினர். அத்தூரத்தில் நாலிலொரு பங்கு அல்லது மூன்றிலொரு பங்கு அளவைக் கூம்பு கடந்துவிட்டால், பின்னர் அது நிலைகொள்ளாது. திடீரெனக் கிணற்றினுட் பாய்ந்துவிடும்.

இதிலிருந்து கமக்காரன் கைக்கொள்ளத்தக்க முடிவொன்று பெறப்படுகின்றது. கோடையிலே நீர் குறைந்தபோது கிணற்றை மேலும் ஆழமாக்குதல் பலர் செய்யும் செயல். கிணற்றின் அடிக்கும் உப்பெல்லைக்கும் இடையே 20 மீற்றர் இருந்ததாகக் கொள்க. கிணற்றை ஆழமாக்கியதால் அது 10 மீற்றர் ஆயிற்று. அதே அளவு நீரை இறைத்தால் கூம்பு முன்னையிலும் இரு மடங்கு உயரும். கூம்பு உயர்வதற்கு விட்டிருந்த இடமோ பாதியாயிற்று. ஆகவே பயமின்றி இறைக்கக்கூடிய நீர் பாதியாகவன்று, நாலிலொரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. அகல உழுவதிலும் ஆழ உழுவது நன்று என்பது உழவர் பழமொழி. ஏருக்குப் பொருந்தும் அம்மொழி, கடல் சூழ்ந்த நிலத்தின் கிணற்றுக்குப் பொருந்தாது. இங்கே ஆழத்திலும் அகலமே நன்று. ஆழமில்லாத அகன்ற கிணறுகளிலிருந்து சிறிது சிறிதாக, பல இடங்களிற் பகிர்ந்து நீர் எடுத்தலே இச்சூத்திரம் காட்டும் வழி.

முன்னோர் இச்சூத்திரத்தை அறிந்திலர். ஆயினும் அவர்கள் அகன்ற கிணறு வெட்டினர்; துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்தனர். துலாவில் ஏறி நடந்தவனின் களைப்பே அக்காலத்தில் கிணற்றுக்குக் காவலாக நின்றது. ஓர் இறைப்புக்கும் அடுத்த இறைப்புக்கும் இடையே கிணறு ஊறி நிரம்ப நேரம் இருந்தது. உப்புக் கூம்பு தாழவும் நேரம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் அக்காவல் நீங்கிற்று. இயந்திரம் களைப்பதில்லை. களைப்பு செய்த வேலையை இப்பொழுது கணக்குச் செய்தல் வேண்டும்.

இவ்வளவு கூறியதனால், சூத்திரமே போதும் என முடிவு செய்துவிடலாகாது. ஒவ்வொரு சூத்திரமும் சில நிபந்தனைகளின் மேல் நிற்பது. அந்நிபந்தனைகளை மறந்தவன் கையில் அது வாளாகித் தன்னையே வெட்டும்.

முதலாவது நிபந்தனை, கல் எங்கும் ஒரே தன்மையது என்பது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் அத்தகையதன்று. மழைநீர் நெடுங்காலமாக அதனைக் கரைத்துக் குகைகளையும் குடைவுகளையும் ஆக்கியிருக்கின்றது. நிலாவரையே அவ்வாறு குடைந்த நிலத்தின் மேற்கூரை இடிந்து வாய்திறந்த இடம் என்பது நிலவியலார் கருத்து. இரண்டாவது, நன்னீரும் உப்புநீரும் கத்தியால் வெட்டியது போல ஓர் எல்லையிற் பிரிந்து நிற்கின்றன என்பது. உண்மையில் அவ்விடத்தில் இருநீரும் கலந்த உவர்ப்படை ஒன்று உண்டு. சூத்திரம் நன்னீர் என்று கூறும் ஆழத்துக்கு முன்னரே நாவில் உப்புக் கரிக்கத் தொடங்கும். மூன்றாவது, எல்லாம் அசைவற்ற சமநிலையில் உள்ளன என்பது. மாரியில் ஏறிக் கோடையில் இறங்கும் நீர்மட்டத்தை உப்பெல்லை உடனுக்குடன் பின்தொடர்வதில்லை. அது மிக மெல்ல அசைவது. ஓரடிக்கு நாற்பதடி என்பது ஒரு கோடையின் கணக்கன்று, பல்லாண்டுகளின் கணக்கு. இத்தாமதம் நன்மையும் உடையது, தீமையும் உடையது. ஓர் ஆண்டின் பிழையை நிலம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பல ஆண்டுகளின் பிழை வெளிப்படும்போது, அதனைத் திருத்தவும் பல ஆண்டுகள் செல்லும்.

சூத்திரம் தோற்கும் இடமும் பயனற்ற இடமன்று என்பதை நிலாவரையின் வற்றுப்பெருக்கே காட்டுகின்றது. நுண்டுளைகள் நிறைந்த, எங்கும் ஒரே தன்மையதான கல்லினூடாகக் கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே பரவும்போது, சமதூரந்தோறும் அது சமபங்காகத் தேய்ந்து செல்லும். கரையிலிருந்து 500 மீற்றரில் அது பாதியானால், 1,000 மீற்றரில் காலாகும். 1,500 மீற்றரில் அரைக்காலாகும். அவ்வாறு தேய வேண்டிய அசைவு, உட்பகுதியிலுள்ள ஒரு கிணற்றில் எதிர்பார்த்ததற்கு மேலாகக் காணப்படின், நிலத்தின் கீழே திறந்த வழியொன்று உண்டு என்பதற்கு அது சான்றாகும். கணக்குக்கும் காட்சிக்கும் உள்ள வேற்றுமையே இங்கே புதிய அறிவைத் தருகின்றது. எளிய கணக்கை முன்னர் செய்யாதவனுக்கு அவ்வேற்றுமை கண்ணிற் படாது.

இனிக் கணினி வழியின் வன்மையை நடுநிலையில் நின்று கூறுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் நிலவியல் அளவைத் திணைக்களம் 1984 இல் வெளியிட்ட மொட்ஃபுளோ என்னும் நிரல் இன்று உலகெங்கும் நிலத்தடி நீரை ஆராயப் பயன்படுகின்றது. அதன் வழியிற் பிறந்த வேறு நிரல்கள் உப்பும் நன்னீரும் கலப்பதையும் கணிக்கின்றன. ஆயிரக்கணக்கான கிணறுகள் ஒன்றையொன்று தாக்கும் நிலை, மாதந்தோறும் மாறும் மழை, வளைந்து நெளிந்த கடற்கரை, இடத்துக்கிடம் வேறுபடும் கல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே வைத்துக் கணித்தல் எந்தச் சூத்திரத்துக்கும் இயலாதது. அங்கே கணினியின்றிப் பொறியியலாளன் ஓரடியும் எடுத்துவைத்தல் அரிது.

ஆயினும் அப்பொறி உணவின்றி உழைப்பதில்லை; அதன் உணவு அளவைகளே. குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். 100 மீற்றர் பக்கமுள்ள கட்டங்களாக அதனைப் பிரித்தால் ஒரு இலட்சம் கட்டங்கள் வரும். ஆழத்தில் பத்து அடுக்குகள் வைத்தால் அவை பத்து இலட்சமாகும். ஒவ்வொன்றுக்கும் கல்லின் தன்மை இன்னதென்று எழுதுதல் வேண்டும். அளந்தறிந்த கிணறுகள் சில நூறு என்றே கொண்டாலும், எஞ்சிய கட்டங்களை நிரப்புவது ஊகம். ஊகத்தைப் பலவாறு மாற்றினும், காணப்பட்ட நீர்மட்டங்களோடு ஒத்துப்போகும் மாதிரியுருக்கள் பல கிடைத்தல் கூடும். அவை நேற்றைய நிலையைப் பற்றி ஒரேவிதமாகவும் நாளைய நிலையைப் பற்றி வெவ்வேறாகவும் பேசும். திரையிலே வண்ணப்படமாக விரியும் விடை, தன் உண்மைக்குத் தானே சான்றாகிவிடாது.

ஆகவே பொறியின் விடையைச் சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் பெரும்பாலும் பகுமுறைக் கணக்கே. இதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. கடல்நீர் நிலத்தினுட் புகுந்து நன்னீருடன் கலக்கும் எளிய நிலையொன்றை எடுத்து, ஹென்றி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1964 இல் கணித முறையால் அதற்கு விடை கண்டார். பின்னர் கணினி நிரல் எழுதியோர் யாவரும் தம் நிரலை அவ்விடையோடு ஒப்பிட்டே சோதித்தனர். ஆனால் நிரல்களின் விடை அவர் விடையுடன் முற்றும் பொருந்தாமல் நெடுங்காலம் நின்றது. நிரல்களிலேதான் குறை என்று பலர் ஐயுற்றனர். 1994 இல் செகோல் என்னும் ஆய்வாளர் ஹென்றியின் கணக்கை மீண்டும் செய்து, அவர் முடிவிலாத் தொடர் ஒன்றின் உறுப்புகளிற் போதிய அளவை எடுத்துக்கொள்ளவில்லை எனக் காட்டினார். திருத்திய விடையோடு நிரல்கள் நன்கு பொருந்தின.

இவ்வரலாற்றின் பாடம் இருபுறமும் கூரியது. பகுமுறைக் கணக்கும் பிழைபடக்கூடும். ஆனால் அதன் ஒவ்வொரு படியும் தாளில் வெளிப்பட்டு நின்றமையால், முப்பது ஆண்டு கழித்தும் வேறொருவர் அதனைத் திறந்து பார்த்துப் பிழை நின்ற இடத்தைச் சுட்ட முடிந்தது. கணினியும் சூத்திரமும் ஒன்றையொன்று சோதித்தபோதே உண்மை துலங்கியது. ஒன்றை நீக்கியிருப்பின் மற்றையதன் குற்றம் மறைந்தே கிடந்திருக்கும்.

நடைமுறையிலும் இவ்வொழுங்கே தக்கது. ஓர் ஊரின் நீரைப் பற்றித் திட்டமிடுவோன் முதலிலே தாளில் ஒரு கணக்குச் செய்தல் வேண்டும். நன்னீரின் ஆழம் 45 மீற்றர் எனச் சூத்திரம் கூறிய இடத்தில் கணினி 35 என்று கூறின், அவ்வேற்றுமைக்குக் காரணம் தேடலாம். கலப்புப் படையோ அயற்கிணறுகளோ அதற்குக் காரணமாகலாம். கணினி 400 என்று கூறின், கல்லையும் கடலையும் ஆராயுமுன்னர், எவரேனும் ஒரு சுழியைக் கூட்டி எழுதினரோ என்று பார்த்தல் நலம். எதிர்பார்ப்பின்றிப் பொறியின் முன் நிற்பவன், அது சொல்வதையெல்லாம் நம்புவதன்றி வேறு செய்ய மாட்டான்.

ஒன்றுக்கு நாற்பது என்பது அச்சுறுத்தும் விதி மட்டுமன்று. நம்பிக்கை தரும் விதியுமாகும். நீர்மட்டம் ஓரடி நிலையாக உயர்ந்தால், உப்பெல்லை காலப்போக்கில் நாற்பதடி கீழே தள்ளப்படும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்குவதற்கு அணைகள் கட்டப்பட்டமைக்கும், நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்துக்கும் அடிப்படையான எண்ணம் இதனோடு உறவுடையது. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கு அந்நீரை விடுதல் அத்திட்டத்தின் சாரம். இத்தகைய பெருந்திட்டத்தின் பயனை நுணுகி அளக்கக் கணினி மாதிரியுரு வேண்டும். அதற்கு முன்னர், எந்தத் திசையில் எவ்வளவு பயனை எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்ல எளிய கணக்குப் போதும். ஊர்க்குளத்தைத் தூர்வாரி மழைநீரை நிலத்தினுள் இறங்கவிடும் சிறு முயற்சிக்கும் அதே கணக்குத் துணைநிற்கும்.

நிலாவரைக்கு அடியில்லை என்னும் உரை, ஒரு வகையில் பொருளுடையது. அதன் நன்னீருக்கு உண்மையிலே கல்லாலான அடியில்லை; அதன் கீழே தாங்கி நிற்பது கடல். அக்கடல் மேலேறுமா, கீழே நிற்குமா என்பது, மேலே மனிதர் எடுக்கும் ஒவ்வோர் அங்குல நீரினாலும் ஒவ்வொரு மாரியிலும் நிலத்தினுள் இறங்கவிடும் மழையினாலும் தீர்மானிக்கப்படுகின்றது. அதனைக் கணிக்கும் பொறி எங்கோ ஒரு நகரத்துக் காரியாலயத்தில் இருக்கலாம். அதன் முதற் கணக்கை, புத்தூர்ப் பாடசாலையொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் தன் கொப்பியிலே செய்துவிடலாம். அதனைச் செய்தறிந்த பிள்ளை, தந்தையின் தோட்டக் கிணற்றை மேலும் ஆழமாக்கும் பேச்சு வீட்டில் எழும்போது, ஒரு சொல் கூறத் தகுதி பெற்றுவிடுகின்றான்.